நாங்கள் கொண்டுபோய் விட்ட குரங்குகள்

கண்டி மஹய்யாவையில் எங்கள் சந்தில் குரங்குகளுக்கு முதன்முதலில் பழம் வைத்தவள் நான்தான். அக்கம்பக்கத்தில் யாரும் இதைச் சொல்லிக்காட்டுவதில்லை, அவர்களுக்கு மறந்துபோய்விட்டது. எனக்கு மறக்க வழியில்லை. என் கணவருக்கு ஏழரைச் சனி நடந்த காலம் அது. கால் முறிந்தது, வேலை போனது, போதாததற்கு ஓர் அறுவைச் சிகிச்சை. சனிக்கிழமைகளில் ஆஞ்சநேயரை நினைத்துக் குரங்குகளுக்குப் பழம் வைக்கும்படி கோயில் ஐயர் சொன்னார். நான் பத்தாம் தரத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். சூழற்றொகுதி, உணவுச் சங்கிலி, உணவு வலை என்று வருடா வருடம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் கை ஓய்ந்தவள். பயம் வந்தால் படித்ததெல்லாம் எங்கே நிற்கிறது? பின்மதிலின் மேல் வாரம் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்தேன். ஏழரை முடிந்தது. குரங்குகள் முடியவில்லை.

அதற்கு முன்பும் அவை எங்கள் பக்கம் வந்து போனவைதான். உடவத்தகெலே காட்டுப் பக்கமிருந்து மரத்துக்கு மரம் தாவி வரும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பலா, மா, கித்துள் மரங்கள் வழியாகப் பள்ளத்து ஓடைக்கு இறங்கி, மாலையில் அதே வழியில் திரும்பிவிடும். எங்களை ஏறிட்டும் பார்க்காது. பிறகு அந்த மரங்கள் நின்ற காணி துண்டு துண்டாக விலைப்பட்டது, துண்டுக்கொரு வீடு எழும்பியது. நாங்களும் ஒன்றும் நல்லவர்கள் இல்லை. மேல்மாடி கட்டுவதற்காக எங்கள் வளவில் நின்ற பலாவை வெட்டினோம். வெட்டிய மறுநாள் குரங்குகள் வந்து, எதிரே மிஞ்சியிருந்த மாமரக் கிளையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தன. அடுத்து எங்கே கால் வைப்பது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. கடைசியில் எங்கள் கூரையில் குதித்தன.

கூரைக்கு வந்தவை மதிலுக்கு வந்தன, மதிலில் பழம் இருந்தது. மிச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. சனிக்கிழமை மட்டும் வரும்படி குரங்குக்கு யார் சொல்வது? தண்ணீர் டாங்கியின் மூடியைக் கழற்றின. கூரைத் தகடுகளை உடைத்தன. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து முட்டை எடுத்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன். ஒரு நாள், நானா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவியைக் கையில் கடித்துவிட்டது. நானா டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், எங்களோடு உறவுக்காரர் மாதிரிப் பழகியவர். அவருடைய மனைவி ஊசி போட ஆஸ்பத்திரிக்கு அலைந்தபோது எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை. இனிப் பொறுக்க முடியாது, பிடித்துக்கொண்டுபோய்த் தூரத்தில் விட்டுவிடுவோம் என்று நானா சொன்னதும் நான்தான் முதலில் தலையாட்டினேன்.

இப்படிப் பிடித்துக்கொண்டுபோய் விடுவதற்கு அனுமதி எடுக்க வேண்டும். அது எங்களுக்குத் தெரியாததல்ல. கண்டியில் எத்தனையோ பேர் எடுக்காமலே செய்கிறார்கள் என்பதும் தெரியும். இரண்டாவதை நினைத்துக்கொண்டு முதலாவதை விட்டுவிட்டோம். நானா தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பெரிய கம்பிக் கூடு ஒன்றைக் கொண்டுவந்தார். ஆள் நின்றால் தலை தட்டாத உயரம், மேலிருந்து விழுகிற கதவு. உள்ளே பழம் வைத்தார். இரண்டு நாளும் ஒரு குரங்குகூடக் கிட்டே வரவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை. பழத்தை நானே கொண்டுபோய் வைத்தேன். என்னைக் கண்டதும் கூட்டத்துப் பெரிய ஆண் குரங்கான தாட்டான் உள்ளே போனது, அதன் பின்னால் பெட்டைகளும் குட்டிகளும் போயின. கதவு விழுந்தது. பதினொன்று அகப்பட்டன. வெளியே நின்றுவிட்ட ஒரு சின்னக் குட்டி இரண்டு நாள் டாங்கியின் மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. பிறகு அதைக் காணவில்லை. அது என்ன ஆனது என்று நான் தேடவில்லை, கேட்கவும் இல்லை.

எங்கே கொண்டுபோய் விடுவது என்ற பேச்சு வந்தபோது இடம் சொன்னவளும் நான்தான். வத்தேகம தாண்டி மலையில் ஏறுகிற பாதை ஒன்றில், ஊசியிலை மரங்களை நட்டு வளர்த்த பைனஸ் காடு ஒன்று இருக்கிறது. அந்தப் பாதையில் பஸ்ஸில் பல தடவை போயிருக்கிறேன். வீடுகள் கண்ணில் படாது, மரங்கள் வரிசையாக நிற்கும். விடியற்காலையில் நானாவின் சின்ன லொறியில் கூட்டை ஏற்றிக்கொண்டு போனோம். நான் முன்னால் உட்கார்ந்து, இதில் திரும்புங்க, அதில் ஏறுங்க என்று வழி சொன்னேன். கூட்டைத் திறந்ததும் அவை விழுந்தடித்துக்கொண்டு ஓடும் என்று நினைத்தோம். ஓடவில்லை. பாதையோரத்தில் உட்கார்ந்துகொண்டு என் கையைப் பார்த்தன. நானா தகரத்தைத் தட்டித் துரத்திய பிறகுதான் மரங்களுக்குள் போயின.

அங்கே நல்ல அமைதி. ஒரு பறவைச் சத்தம் இல்லை. எவ்வளவு அமைதியான இடம் என்று நான் வாய்விட்டுச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. வாயில் அடித்துக்கொள்ள வேண்டும். பைனஸ் மரத்தின் கீழே சருகு மெத்தையாகக் கிடக்கும், அதில் வேறு எதுவும் லேசில் முளைக்காது. பழம் இல்லை, தளிர் இல்லை, பூச்சி குறைவு, அதனால் பறவையும் இல்லை. பார்க்கத்தான் காடு, சாப்பிட வருகிற பிராணிக்கு அது காலிக் களஞ்சியம். இதைப் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லி, பரீட்சையில் கேள்வியாகக் கேட்டு, சரியாக எழுதியவர்களுக்குப் புள்ளியும் போட்டிருக்கிறேன். அன்றைக்கு என் கண்ணுக்குப் பச்சை மட்டும்தான் தெரிந்தது. பதினொரு குரங்குகளைப் பட்டினிக்குள் இறக்கிவிட்டு, வருகிற வழியில் வத்தேகமயில் தேநீரும் குடித்தோம்.

அந்த மலையின் மறுபக்கத்தில்தான் என் அக்கா இருந்தாள். புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றபின், தோட்டத்தில் கைவிடப்பட்ட தேயிலைக் காணியில் அரை ஏக்கரைத் துப்புரவாக்கி மரக்கறி போட்டாள். போஞ்சி, கறிமிளகாய், முள்ளங்கி, வேலியோரம் மிளகுக்கொடி. வாரத்தில் இரண்டு நாள் வத்தேகம சந்தைக்கு மூட்டை கட்டுவாள். எங்களோடு வந்து இருக்கும்படி எத்தனை தரம் கூப்பிட்டிருப்போம்! கை கால் ஓடுகிற வரைக்கும் யார் வீட்டிலும் உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். அந்த அரை ஏக்கர் இருக்கிறவரை அவள் அப்படிச் சொல்லலாம்.

குரங்குகளை விட்டு மூன்று மாதம் கழித்து, பள்ளிக்கூட விடுமுறையில் அக்காவைப் பார்க்கப் போனேன். காணியின் நடுவில் ஒரு பழைய கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கம்பு, பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல். மெலிந்திருந்தாள். போஞ்சிக் கொடிகளில் பாதி அறுந்து கிடந்தன. கறிமிளகாய்ச் செடிகளில் ஒவ்வொரு காயிலும் ஒரு கடி விழுந்திருந்தது.

அந்தப் பக்கத்துக் குரங்குகளை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பலா பழுக்கிற காலத்தில் மேலே காட்டோரத்தில் திரியும், நாய் குரைத்தால் போய்விடும். தின்ற கொட்டையைக் காடெல்லாம் துப்பிவிட்டுப் போகிறவை என்பதால் அவற்றோடு அவளுக்குப் பகை இல்லை. இப்போது வருகிறவை வேறு மாதிரி என்றாள். காலையில் வேலைக்கு வருகிற மாதிரி வருகின்றன. வீட்டுக்குள் புகுந்து அரிசி வாளியின் மூடியைத் திறக்கின்றன. நாயை இரண்டு பக்கமும் நின்று கடித்துக் காயப்படுத்திவிட்டன. சந்தைக்குப் போனால் காணி போய்விடும், காணியில் இருந்தால் இருக்கிற நாலு காயையும் சந்தைக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. பிறகு சொன்னாள்:

"கம்ப ஓங்குனா ஓட மாட்டேங்குதுக. ஒக்காந்துக்கிட்டு என் கையத்தான் பாக்குதுக. என்னமோ நான் குடுக்கப் போற மாதிரி."

பஸ் சுற்றிச் சுற்றி ஏறுவதால் அந்தப் பைனஸ் காடு அக்காவின் வீட்டிலிருந்து வெகுதூரம் என்றே நினைத்திருந்தேன். அவளுடைய வாசலில் நின்று பார்த்தபோது, மேட்டின் உச்சியில் அதே பைனஸ் மரங்களின் தலை தெரிந்தது. தூரமெல்லாம் வண்டிக்குத்தான். குரங்குக்கு அது ஒரு மேடு. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நாய்க்கு மருந்து போடுங்கள், வலை கட்டலாம், பட்டாசு போடலாம் என்று டீச்சர் குரலில் யோசனைகள் சொன்னேன். அக்கா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அந்தக் காட்டில் எத்தனை பேர் குரங்கு கொண்டுபோய் விடுகிறார்களோ, அவை நம்முடையவைதான் என்று எப்படித் தெரியும் என்றார். அதைப் பிடித்துக்கொண்டு சில வாரம் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை மறைக்கக் கூடாது. நைலோன் வலை வாங்கி அனுப்பினேன். பத்து நாளில் அதைக் கிழித்துவிட்டன. அடுத்த போகத்துக்கு அக்கா விதை போடவில்லை. விதைத்தால் அதுகளுக்குத்தானே விதைக்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னாள், குரலில் கோபம்கூட இல்லை. வைகாசியில் இரண்டு பைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள். ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள்.

அவள் எங்கள் வீட்டில் இருந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. எல்லோருக்கும் முன் எழும்பி முற்றம் கூட்டினாள். யாரும் சொல்லாமலே பாத்திரம் எல்லாம் கழுவினாள். கதிரையில் ஓரமாக உட்கார்ந்தாள். தேநீர் போட்டுக்கொள்ளக்கூட, போட்டுக்கவா என்று என்னிடம் கேட்டாள். என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், என் வீட்டுச் சீனிப் போத்தலைத் திறக்க என் முகத்தைப் பார்த்தாள். ஒரு மாதம் மூன்று மாதமானது. காணியைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் எதில் போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

இதற்கிடையில் எங்கள் கூரையில் மறுபடியும் சத்தம் கேட்கத் தொடங்கியது. வேறு கூட்டம். பழைய கூட்டம் இருந்தவரை இவற்றை இந்தப் பக்கம் அண்ட விடாமல் விரட்டியிருக்க வேண்டும். இடம் காலியானதும் வந்துவிட்டன. குப்பைப் பைகள் அப்படியே கிடந்தன, மரங்கள் திரும்ப முளைக்கவில்லை, பிறகு வராமல் என்ன செய்யும்? இதுவும் பாடத்தில் இருப்பதுதான். ஆக, அக்காவின் அரை ஏக்கரைக் கொடுத்து நாங்கள் வாங்கியது ஐந்தாறு மாதத்துக் கூரை அமைதி.

ஒரு பின்நேரம் நானா வந்தார். அக்காவை அவருக்கு எங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளியாகத்தான் தெரியும், ஊர் எது என்று தெரியாது. அக்கா குசினி வாசலில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய போஞ்சியை நறுக்கிக்கொண்டிருந்தாள். நானா கூரையைக் காட்டித் தலையில் கை வைத்தார்.

"கூட்ட எடுத்துக்கிட்டு வரவா டீச்சர்? போன முற மாதிரி, வத்தேகமைக்கு மேல நீங்க காட்டின அந்தப் பைனஸ் காட்டுலயே உட்டுட்டு வருவம்."

பிறகு பார்ப்போம் என்று ஏதோ சொல்லி அவரை அனுப்பினேன். திரும்பி வந்தபோது, நறுக்கிக்கொண்டிருந்த கத்தி நின்றிருந்தது. அக்கா என்னைப் பார்க்காமல் போஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் மாதக்கணக்காகத் தயாராக இருந்த பதில்கள் இருந்தன. பஸ்ஸில் அது வெகுதூரம், எத்தனையோ பேர் அங்கே விடுகிறார்கள், நானாவின் மனைவியைக் கடித்துவிட்டது. ஒவ்வொன்றும் உண்மைதான்.

"அந்தப் பக்கம் நான் இருக்கேன்னு ஒனக்கு நெனப்பே வரலியா?" என்று அக்கா கேட்டாள்.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"வந்துச்சுக்கா," என்றேன். "ஒங்க வீட்டுக்கு வந்து போயித்தானே எனக்கு அந்த ரோடே தெரியும்."