கரகோஷத்துக்கு எத்தனை கை?

வேப்பனப்பள்ளியிலிருந்து ஒரு வாசகி போஸ்ட் கார்டு போட்டிருக்கிறார். "மேடைக்கு மேடை 'பலத்த கரகோஷம்' என்கிறார்களே, வெறும் கைதட்டல் என்றால் குறைந்தா போய்விடும்? அந்த வார்த்தை எங்கிருந்துதான் வந்தது?"

நல்ல கேள்வி. அகராதியைப் புரட்டினேன். கரம் என்றால் கை. கோஷம் என்றால் முழக்கம். இரண்டுமே வடமொழியிலிருந்து வந்து தமிழில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டவை. வாயைத் திறக்காமல் கை போடுகிற கூச்சல் — அவ்வளவுதான் விஷயம். ஓசூர்ப் பக்கம் கன்னடக்காரர்கள் இதைச் சப்பாளெ என்பார்கள், தெலுங்குக்காரர்கள் சப்பட்லு என்பார்கள். எந்த மொழியில் தட்டினால் என்ன, சத்தம் ஒன்றுதானே?

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் அகராதியை மூடியதும் முனிராஜ் வந்துவிட்டார்...

எண்பதுகளில் நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பிரஸ் ஷாப். தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாதே, அதற்காக.

எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒரு பட்டன் அழுந்தியே இருக்கும்படி சின்ன மரக்கட்டையைச் செருகிவிடுவார்கள். ஒரு கை ஃப்ரீ! அந்தக் கையால் தகட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் வேலை பறக்கும்.

முனிராஜும் கட்டை வைத்தவர்தான். மாதக் கடைசி மீட்டிங்கில், அதிக பீஸ் அடித்தவர் பெயரை மானேஜர் வாசிப்பார். மூன்று மாதம் தொடர்ந்து முனிராஜ். ஷாப்பே அதிரும். அவர் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். கட்டையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்த நான்தான் எல்லோரையும்விட பலமாகத் தட்டினேன்.

நான்காவது மாதம் அவருடைய இடது கை மணிக்கட்டோடு போயிற்று.

அப்புறம் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். நான் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். குற்றவுணர்ச்சி என்று இப்போது நாசூக்காக எழுதலாம். அப்போது அது வெறும் பயம்.

சில வருடங்கள் கழித்து, மூக்கண்டப்பள்ளியில் ஒரு பள்ளி ஆண்டு விழா. என் மகளும் அங்கேதான் படித்தாள். சாயங்காலம்... லேசான பனி... டியூப் லைட் வெளிச்சம் மைதானம் முழுக்கப் பாலைக் கரைத்து விட்டதுபோல் பரவியிருந்தது. மேடை, பிள்ளைகள், மைக் சத்தம் எல்லாமே எங்கோ தள்ளி மிதப்பதாகத் தோன்றியது. பக்கத்து நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். திரும்பினேன். முனிராஜ்.

"நல்லாகீறீங்களா சார்?"

தலையை மட்டும் ஆட்டினேன். மேடையில் பேச்சுப் போட்டி முதல் பரிசு என்று ஒரு பெண்ணின் பெயரை வாசித்தார்கள். அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"சார், உங்க கையக் கொஞ்சம் நீட்டுங்க."

"எதுக்கு முனிராஜ்?"

"நம்ம பாப்பா சார். போன வருசமும் பரிசு வாங்குச்சு. எல்லாரும் தட்டுனாங்க, நான் தொடையில தட்டுனேன். சத்தமே வரலை. வீட்டுக்கு வந்து, 'நீ வரவே இல்லையாப்பா'ன்னு கேட்டுச்சு சார்."

நீட்டினேன். அவர் தன் வலது கையால் என் உள்ளங்கையில் ஓங்கி ஓர் அடி. மறுபடி. மறுபடி. மைதானம் ஓய்ந்த பிறகும் எங்கள் இரண்டு கையும் ஓயவில்லை. கோப்பையோடு நின்ற அந்தப் பெண் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்கள் பக்கம் தேடினாள்... கண்டுபிடித்துவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு, அப்பாவின் அதே கூச்சச் சிரிப்பு. நான் அழுதுவிட்டேன்.

வேப்பனப்பள்ளி அம்மா, அந்த வார்த்தையில் கை இருக்கிறது, முழக்கம் இருக்கிறது. இரண்டு கையும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும் என்று எந்த அகராதியிலும் போடவில்லை.

வீடு போய்ச் சேரும்வரை உள்ளங்கை எரிந்தது. இன்னும் கொஞ்சம் எரிந்திருக்கலாம்.