வீடியோவில் பட்டனை அமுக்கியவர்

பென்னாகரம் சாலையில் உள்ள ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் நான் பாதுகாப்புப் பயிற்சி அதிகாரி. பழங்களை நகர்த்தும் பெல்ட்டில் கை சிக்கினால் சிவப்பு பட்டனை அமுக்கி அதை நிறுத்த வேண்டும் என்று, எங்கள் ஆட்களை வைத்தே ஒரு வீடியோ எடுத்தோம். பெல்ட்டில் வேலை செய்யும் பெண்களுக்குப் போட்டுக் காட்டிவிட்டு ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்டேன்.

"சிவப்பு பட்டனை அமுக்கணுங்க சார்" என்றார்கள், ஒருவர் விடாமல். பயிற்சி பலன் தருகிறது என்று மேலிடத்துக்கு எழுதினேன்.

சீசன் மும்முரத்தில் ஒருநாள், அவர்களில் ஒருவரான செல்வியின் கையுறையை பெல்ட் இழுத்தது. பட்டனுக்குப் பக்கத்திலேயே நின்ற மணிமேகலை, "சார், ஓடியாங்க சார்!" என்று கத்தினார். நான் ஓடிப்போய் அமுக்கினேன். கையுறை மட்டும் போயிற்று, விரல்கள் தப்பின.

"பட்டன் உங்க கைக்கிட்டயே இருந்துச்சே, ஏங்க அமுக்கல?" என்று கோபமாகக் கேட்டேன்.

மணிமேகலை என்னை விநோதமாகப் பார்த்தார். "வீடியோல நீங்கதானங்க அமுக்குனீங்க? நாங்க தொடலாமுன்னு யாருங்க சொன்னா?"

வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். நான் மிடுக்காக நடந்துவந்து அமுக்குகிறேன். பெண்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அப்படி நிற்கச் சொன்னதும் நான்தான். அதை அவர்கள் நன்றாகவே கற்றிருந்தார்கள்.

இப்போது கேள்வி கேட்பதில்லை. ஒவ்வொருவரையும் அமுக்கிக் காட்டச் சொல்கிறேன். புது வீடியோவில் மணிமேகலை அமுக்குகிறார். நான் அதில் இல்லை.