மகளுக்காக விட்ட முறை

கரீபியன் தீவான செயின்ட் லூசியாவின் விமான நிலைய வாசலில் டாக்சிகளுக்கு முறை உண்டு. முறை வந்தும் பயணியை ஏற்றாதவன் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். இருபத்தாறு வருடங்களில் அன்செல்ம் ஒரு முறையைக்கூட விட்டதில்லை. அன்று விட்டான். ஒன்பது வருடம் கழித்து மகள் வெர்லின் லண்டனிலிருந்து கணவனோடு வருகிறாளே! வண்டியை வாசலை ஒட்டியே கொண்டுபோய் நிறுத்தினான்.

"யோவ், பொண்ணு வர்றதுக்கு முன்னாடியே அழுதுடாதய்யா!" என்று சிரித்தான் பக்கத்து டாக்சிக்கார ரூஃபஸ்.

வெர்லின் கணவனோடு வெளியே வந்தாள். அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவன் பெட்டிக்குக் கை நீட்டுவதற்குள் ஹோட்டல் வேன் டிரைவர் அதை வாங்கிக்கொண்டான்.

"ஹோட்டல்லயே வேன் அனுப்பிட்டாங்கப்பா. அவருக்கு ஏசி இல்லாம தூக்கம் வராது."

"அம்மா வாழைக்காயும் உப்புமீனும் சமைச்சு வச்சிருக்காம்மா. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."

"பத்து நாள்தான்ப்பா இருக்கோம். தினம் ஒரு டூர் புக் பண்ணியாச்சு. முடிஞ்சா வரேன்."

முடிந்தால்! அவள் அம்மாவிடம் இதை எந்த வாயால் சொல்வது?

"அண்ணே, உங்க வண்டி குறுக்க நிக்குது," என்றான் வேன் டிரைவர் தயக்கத்தோடு.

அன்செல்ம் ஏறி உட்கார்ந்தான். கண்ணீர் மறைக்க மறைக்க வண்டியைப் பின்னால் எடுத்து, மகள் போக வழிவிட்டான்.