கழற்றிப் போட்ட சமையலறை

மூன்று வருடம் இருக்கும். ஓணம் முடிந்த வாரம். திருவனந்தபுரத்திலிருந்து போனக்காடு மலைக்கு, நாங்களே கட்டிய ஒரு கேரவனை ஓட்டிப் பார்க்கப் போயிருந்தோம். கேரவன் என்றதும் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் பலருக்கும் ஞாபகம் வரும். இது குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்களுக்கான வண்டி. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். இங்கே இப்போது அதற்கு நல்ல மவுசு.

நான் பிறந்து வளர்ந்தது திருவனந்தபுரத்து ஆரியசாலையில். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். கழக்கூட்டத்தில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில் மேலாளராக இருந்தேன். ஒருநாள் அதை மூடிவிட்டார்கள். நாற்பதைத் தாண்டிய பெண் ஒர்க்‌ஷாப்பில் வேலை கேட்டுப் போனால், ரிசப்ஷனில் இடம் காலியானால் சொல்கிறோம் என்று அனுப்பிவிடுவார்கள். அப்படி அலைந்துகொண்டிருந்தபோதுதான், கேரவன் கட்டுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஒரு பயிற்சி தொடங்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். மேலாளர்களும் மூத்த டெக்னீசியன்களும் சேர்ந்து படிக்க வேண்டிய பயிற்சி. ஒரு மேலாளர், ஒரு டெக்னீசியன் என்று ஜோடி சேர்த்துவிடுவார்கள். ஜோடிக்கு ஒரு பழைய வேன். படித்ததையெல்லாம் வைத்து, பயிற்சி முடிவதற்குள் அதை ஒரு கேரவனாக மாற்றிக் காட்ட வேண்டும்.

என்னோடு ஜோடி சேர்ந்தவர் மார்த்தாண்டத்துக்காரர். பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் பல வருடம் வேலை செய்தவர். என் வயதுதான் இருக்கும். அவர் என்னை மேடம் என்பார். நான் அவரை அண்ணே என்பேன். முதல் வாரம் முழுக்க எங்களுக்குள் சண்டைதான். ஸ்விட்ச் போர்டை எங்கே வைப்பது என்பதற்குக்கூட ஒரு பகல் பேசாமல் இருந்தோம். நான் வரைபடத்தைக் காட்டினால் அவர் தகரத்தைத் தட்டிக் காட்டுவார். பிறகு எப்படியோ ஒத்துப்போனது. அவர் என்னிடம் கணினியில் வரையக் கற்றுக்கொண்டார். நான் அவரிடம் ரிவெட் அடிக்கக் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வண்டியின் பெருமையே அதன் சமையலறைதான். வேனின் பின்பக்கம் இரட்டைக் கதவு. அதைத் திறந்தால் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, மேலும் கீழும் அலமாரிகள், இழுத்தால் நீளும் ஒரு மேசை. வெளியே நின்றபடி மலையைப் பார்த்துக்கொண்டே சமைக்கலாம். பயிற்சிக்கு வந்திருந்த மற்றவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள்.

வேலை முடிந்ததும் பயிற்சியாளர் வந்து ஒவ்வொரு இணைப்பையும் சோதித்து, அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார். இனி தேர்வு முடியும்வரை எதையும் கழற்றக் கூடாது. ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் அந்த வண்டியைத் தேர்வுக்கே எடுக்க மாட்டார்கள். கண்டிப்பான மனிதர். சொன்னால் சொன்னதுதான். பயிற்சியில் தேறினால் எடுத்துக்கொள்வதாக ஒரு கேரவன் கம்பெனி எனக்கு வாய்வார்த்தை தந்திருந்தது. அண்ணனுக்கு அவர் பட்டறையில் ஃபோர்மேன் பதவி காத்திருந்தது.  தேர்வுக்கு முந்தின நாள் பகலில், தண்ணீர்த் தொட்டி நிறைய நிரப்பி, மலைச்சாலையில் ஏற்றி இறக்கி, வளைவுகளில் வண்டி சாய்கிறதா, பிரேக் சூடாகிறதா என்று பார்த்து வரச் சொன்னார்கள். அதற்காகத்தான் போனக்காடு.

வண்டி நன்றாகவே ஏறியது. மேலே, பஸ் திரும்பும் இடத்தில் நிறுத்திவிட்டு, தண்ணீர்க் குழாய் எங்காவது கசிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது தேயிலைச் சரிவின் பக்கமிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மூச்சு வாங்கியதில் பேச்சே வரவில்லை. அவளுடைய அம்மா கொழுந்து கிள்ளும்போது ஈரப் பாறையில் வழுக்கிக் கீழே விழுந்துவிட்டாராம். இடுப்பு ஒடிந்த மாதிரி இருக்கிறதாம்.

அவளுக்குப் பின்னாலேயே ஆட்கள் அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யார் வீட்டிலோ கழற்றிய கதவுப் பலகை ஒன்றில் படுக்க வைத்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய மெலிந்த உடம்பு. ஒரு கால் கோணலாகத் திரும்பி இருந்தது. முகம் வெளுத்திருந்தது, ஆனால் அழவில்லை. நான் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்றிருந்தது.

"வலிக்குதாம்மா?"

"மொதல்ல வலிச்சுது. இப்ப காலு மரவிச்சுப் போச்சு. இருக்கான்னே தெரியல்ல" என்றார்.

மகள் சற்று மேலே ஏறி, சிக்னல் கிடைக்கும் ஒரு மேட்டில் நின்று, மலையடிவாரத்து விதுரா ஆஸ்பத்திரிக்குப் பேசிவிட்டு வந்தாள். "அக்கா, அம்மையைக் கொஞ்சமும் மடக்கக் கூடாதுன்னு டாக்டர் பறஞ்சாங்க. காலு குளிந்திருக்குன்னா தாமசிக்கக் கூடாதாம். ஆம்புலன்ஸ் வேற கேஸுக்குப் போயிருக்கு. திரும்பி வந்து, அப்புறம் மலை ஏறணும்."

அங்கே ஒரு ஜீப் இருந்தது. வைத்துப் பார்த்தார்கள். பலகையில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எல்லோருடைய கண்ணும் எங்கள் வண்டியின் பக்கம் திரும்பியது. உள்ளே ஆறடிப் படுக்கை இருக்கிறது என்று ஜன்னல் வழியே யாரும் பார்க்கலாம்.

ஆனால் பக்கவாட்டுக் கதவு குறுகலானது. படி ஏறியதும் குளியலறைச் சுவர் குறுக்கே வரும், உடனே திரும்ப வேண்டும். நடந்து போகிறவர்களுக்கு அது ஒரு சிரமமே இல்லை. பலகையைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். தலைப்பக்கம் உள்ளே போனது, கால்பக்கம் திரும்பவே இல்லை. சாய்த்துப் பார்த்தபோது அந்த அம்மா முதன்முறையாக முனகினார். அப்படியே பின்னுக்கு எடுத்துவிட்டோம்.

பின்கதவு போதுமான அகலம். ஆனால் அதை முழுக்க அடைத்துக்கொண்டு எங்கள் சமையலறை நின்றது.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நான் சட்டென்று எதையும் சொல்லவில்லை. பயிற்சியாளரைக் கேட்கலாம் என்று மேட்டுக்கு ஓடினேன். அழைத்தேன், எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். அங்கிருந்து கீழே பார்த்தால் பச்சைச் சரிவும், நடுவே வெள்ளையாக எங்கள் வண்டியும் தெரிந்தன. அதன் நிழலில் பலகையில் அந்த அம்மா கிடந்தார். மகள் ஒரு துண்டால் அம்மாவின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

அண்ணன் அதற்குள் டூல் பாக்ஸைத் திறந்து பக்கத்தில் வைத்திருந்தார். எதையும் தொடவில்லை. எனக்காகக் காத்திருந்தார்.

"அண்ணே, இதைக் கழட்டினா நாளைக்கு நமக்குத் தேர்வு இல்ல."

"தெரியும் மேடம். ஆனா இதை விட்டா வேற வழி இல்ல, கேட்டியளா."

"உங்க ஃபோர்மேன் வேலை?"

"அது எங்க போவும்? நீங்க மொதல்ல கேஸை அடைங்க."

சமையல் எரிவாயு சிலிண்டரை அடைத்து, குழாயைக் கழற்றி, தூரமாக ஒரு மரத்தடியில் கொண்டுபோய் வைத்தேன். தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவிட்டோம். பிறகு முதல் ஸ்டிக்கரை நான்தான் கிழித்தேன். அது கிழிந்த பிறகு மனசு லேசாகிவிட்டது. அதுவரை தேர்வு ஒரு பக்கமும் அந்த அம்மா ஒரு பக்கமுமாக இழுத்துக்கொண்டிருந்தது. இனி ஒரே வேலைதான்.

போல்ட்டுகளை அண்ணன் கழற்ற, பசை போட்டு ஒட்டிய இடங்களை நான் கத்தியால் அறுத்தேன். எஸ்டேட் ஆட்கள் அலமாரிகளை ஒவ்வொன்றாக வாங்கிப் புல்லில் அடுக்கினார்கள். நீளும் மேசை, தொட்டி, அடுப்பு எல்லாம் வெளியே வந்தன. வாரக்கணக்கில் கட்டியதைப் பிரித்துப்போட அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது.

அந்த அம்மா படுத்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கத எதுக்கும்மா ஒடைக்கிறீங்க? எனக்காகவா?" என்றார்.

"ஒடைக்கலம்மா, ஒதுக்கி வைக்கிறோம்" என்றேன்.

"அப்பச் சரி. கட்டில் இருக்க வண்டியில நான் ஏறினதே இல்ல" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

பலகை பின்வழியாக ஒரு தடங்கலும் இல்லாமல் நேராக உள்ளே போனது. சாமான் கட்டும் பட்டைகளால் பலகையைப் படுக்கையோடு சேர்த்துக் கட்டினோம். கிளம்பிய உடனே அண்ணன் வண்டியை நிறுத்தினார். சமையலறையும் தண்ணீரும் போனதால் பின்பக்கம் எடை குறைந்து, சின்னப் பள்ளத்துக்கே பின் சக்கரம் துள்ளியது. அவர் கேட்டதும் எஸ்டேட் ஆட்களில் இரண்டு பேர் ஏறி, பின் சக்கரத்துக்கு மேலே தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். துள்ளல் அடங்கியது. நானும் மகளும் ஆளுக்கு ஒரு பக்கம் மண்டியிட்டு, அந்த அம்மாவின் இடுப்பு அசையாமல் தலையணையை அண்டக் கொடுத்துப் பிடித்துக்கொண்டோம்.

அந்த மலையிறக்கத்தை என்னால் மறக்க முடியாது. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் அண்ணன் முன்னாலிருந்து குரல் கொடுப்பார். "மேடம், வலது பக்கம் வருது. பைய எடுக்கேன். பிடிச்சுக்கிடுங்க." வளைவு முடிந்ததும், "கழிஞ்சு" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக் காத்திருப்போம். கடைசியில் அந்த அம்மாவே, கண்ணைத் திறக்காமல், எங்களோடு சேர்ந்து "கழிஞ்சு" என்று மெல்லச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

விதுராவில் டாக்டர் பார்த்த கையோடு, ஊசி போட்டு, திரும்பி வந்திருந்த ஆம்புலன்ஸில் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினார். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் நசுங்கி இருக்கிறது, காலைக் காப்பாற்ற முயற்சி செய்யலாம், உட்கார வைத்துக் கொண்டுவந்திருந்தால் அதையும் சொல்லியிருக்க முடியாது என்றார். ஆம்புலன்ஸ் போன பிறகு அண்ணன் வண்டியின் பின்படியில் உட்கார்ந்தார். ஒரு கடையில் பால் விடாத கட்டன் சாயா வாங்கிக் கொடுத்தேன்.  பிறகு மறுபடி மலையேறி, புல்லில் கிடந்த எங்கள் சமையலறையை அள்ளிப்போட்டுக்கொண்டு திரும்பினோம்.

மறுநாள் காலை, வெளியிலிருந்து வந்த தேர்வாளர்கள் முன்னால் எங்கள் வண்டி நின்றது. பின்பக்கம் காலி. கிழிந்த ஸ்டிக்கர்கள். நடந்ததைச் சொன்னோம். பயிற்சியாளர் கடைசிவரை கேட்டார். பிறகு மலையாளத்தில் தெளிவாகவே சொன்னார். நீங்கள் செய்தது சரி, அந்த இடத்தில் நானும் அதைத்தான் செய்திருப்பேன், ஆனாலும் இந்த வண்டியை இன்றைக்குத் தேர்வுக்கு எடுக்க முடியாது. மற்றவர்களுக்கும் அதே விதிதானே.

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அப்போது தேர்வாளர்களில் ஒருவரான ஒரு பெண் பொறியாளர், காலியான பின்பக்கத்தில் ஏறி நின்று சுற்றிப் பார்த்தார். "இதை மறுபடி அப்படியேதான் மாட்டப் போறீங்களா?" என்று கேட்டார்.

நானும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதுவரை நாங்கள் அதை யோசிக்கவே இல்லை. "இல்ல" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அடுத்த பயிற்சி அணியோடு சேர்த்து எங்களுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுத்தார்கள். எனக்கு வாய்வார்த்தை தந்த கம்பெனி அதற்குள் வேறு ஆளை எடுத்துவிட்டது. அண்ணனின் பட்டறை மட்டும் காத்திருந்தது. இந்த முறை சமையலறை முழுவதையும் தண்டவாளம் போன்ற இரண்டு சட்டங்களின் மேல் வைத்தோம். கொக்கியை விடுவித்து இழுத்தால் மொத்தமும் பெட்டி மாதிரி வெளியே வந்துவிடும். பின்வழி திறந்துகொள்ளும். அந்த வண்டியில்தான் தேறினோம். அதைப் பார்த்த அந்தப் பெண் பொறியாளரே என்னைத் தன் கேரவன் பட்டறைக்கு வேலைக்கு அழைத்தார். இன்றைக்கும் அங்கேதான் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன்.

அந்த அம்மாவின் கால் பிழைத்தது. இரண்டு அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் படுக்கை. இப்போது கொஞ்சம் விந்தி நடக்கிறார், கொழுந்து கிள்ளப் போவதில்லை. மகள் அவ்வப்போது போன் செய்வாள். பேச்சின் நடுவே அம்மா போனைப் பிடுங்கி, "கட்டில் வண்டி எப்ப வரும்? ஒரு தடவ கடலைப் பாக்கணும்" என்பார். போன வருடம் அண்ணனும் நானுமாக ஒரு வண்டியைக் கொண்டுபோய் அவரை அழைத்துவந்து, சங்குமுகம் கடற்கரையில் அந்தி சாயும்வரை உட்கார வைத்தோம்.

எங்கள் பட்டறையில் ஒரு புது வடிவம் வரைந்தால், முதலில் அதைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் போடுவோம். பிறகு எங்களில் ஒருவர் பலகையில் படுத்துக்கொள்ள, மற்றவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடுகளுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். எங்காவது கோட்டை மிதித்தால் வரைபடம் திரும்பப் போகும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், நானும் சேர்ந்து சிரிப்பேன். சந்தோஷமாக ஊர் சுற்றப் புறப்படுகிறவர்களுக்காகத்தான் இந்த வண்டிகளைக் கட்டுகிறோம். ஆனால் யாருக்கு எந்த வளைவில் என்ன வரும் என்று தெரியாது, அப்படி ஒன்று வரும்போது நான் கட்டியது யாருக்கும் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நினைப்போடுதான் அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு கோட்டையும் போடுகிறேன்.