நேராகப் பார் என்று சொன்ன அம்மா

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு எங்கள் ஊரில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பவர் யாரும் இருக்கமாட்டார்கள். அடி அண்ணாமலையில் எங்கள் மொட்டை மாடியிலும் அப்படித்தான். அக்கம்பக்கத்தார் எல்லாரும் மலை உச்சியைப் பார்த்துக் கை குவித்து நின்றிருந்தோம். என் மகள் சௌமியா மட்டும் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் எட்டாம் வகுப்பு.

"இன்னாடி அங்க பாக்குற? தீபம் ஏத்திட்டாங்க, நேரா பாரு" என்று அவள் தாடையைப் பிடித்து உச்சிப் பக்கம் திருப்பினேன்.

"தெரியுதா?"

"தெரியுதும்மா" என்றாள்.

அது பொய் என்று ஒரு வருடம் கழித்துத்தான் சொன்னாள். தொட்டியைப் பார்த்தபோது கண்ணின் ஓரத்தில் ஒரு வெளிச்சம் இருந்ததாம். நான் முகத்தைத் திருப்பியதும் அது போய்விட்டதாம்.

நான் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. "நேரா பாரு" என்பது நான் ஒரு நாளில் எத்தனை முறை சொல்வேன் என்று கணக்கில்லை. வகுப்பில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. சாப்பிடும்போது, பேசும்போது, தலை வாரும்போது எல்லாம் சொன்னேன். பிள்ளை மரியாதைக் குறைவாகப் பக்கவாட்டில் பார்க்கிறாள் என்று நினைத்தேன். என் பேச்சுக்குப் பயந்து அவளும் நேராகப் பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

ஒன்பதாம் வகுப்பில் அவளுடைய வகுப்பாசிரியர் என்னை அழைத்து நோட்டுகளைக் காட்டினார். பக்கம் பக்கமாக வெறுமை. "போர்டுல எழுதறத இவ எழுதறதே இல்லீங்க" என்றார். ஒரு டீச்சரின் மகள் இப்படி என்றால் எனக்கு எப்படி இருக்கும்? வீட்டுக்கு வந்து ஓர் அடி கொடுத்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும்.

கடைத்தெருவில் கண்ணாடி போட்டோம். ஆறு மாதத்தில் இரண்டு முறை மாற்றினோம். பயனில்லை. கடைக்காரரே, "பவர்ல கோளாறு இல்லீங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொன்ன பிறகு புதுச்சேரிக்குப் பேருந்து ஏறினோம்.

அங்கே கண்ணில் மருந்து விட்டு (கண்மணியை விரியச் செய்வதற்கு) நடைபாதை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பிறகு ஓ.சி.டி. (விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் சோதனை). மதியத்துக்கு மேல் மருத்துவர் கூப்பிட்டார். இளவயதுப் பெண். முதலில் எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை, சௌமியாவிடம்தான் கேட்டார்.

"உனக்கு எப்படிம்மா தெரியுது?"

"எங்க ஊரு மலைய நேரா பாத்தா மலை இல்ல மேடம். பக்கத்துல எதையாச்சும் பாத்தா மலை இருக்கு."

பதினான்கு வருடம் கூடவே இருந்த எனக்கு இது புதுச் செய்தி. என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சொந்தத்துல கல்யாணமா?" என்று மருத்துவர் கேட்டார்.

"எங்க அம்மாவோட தம்பிதாங்க இவரு."

அவர் தலையாட்டிவிட்டு ஒரு தாளில் வட்டம் போட்டு நடுவில் புள்ளி வைத்தார். மாக்குலா (விழித்திரையின் நடுப்பகுதி, எழுத்தையும் முகத்தையும் பார்க்க உதவுவது) சிதைந்துகொண்டிருக்கிறது என்றார். ஸ்டார்கார்ட் நோய் என்று பெயர் (சிறு வயதில் தொடங்கும் பரம்பரை விழித்திரை நோய், தாய் தந்தை இருவரிடமும் ஒளிந்திருக்கும் குறை பிள்ளையிடம் வெளிப்படுவது). எங்கள் இருவருக்கும் கண்ணில் ஒரு குறையும் இல்லை. கொடுத்தது மட்டும் நாங்கள்.

"ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமாங்க?"

"இப்போதைக்கு இதுக்கு வைத்தியம் இல்லம்மா. முழுசா இருட்டாவறது அபூர்வம். நடமாட்டத்துக்கான ஓரப் பார்வை பெரும்பாலும் இருக்கும். படிக்கற பார்வைதான் குறைஞ்சிகிட்டே போவும்."

"எத்தினி வருஷத்துல?"

"அத சொல்ல முடியாதும்மா."

நான் விடவில்லை. தினமும் கேரட், பொன்னாங்கண்ணி, போதாததற்கு மருந்துக்கடையில் கேட்டு வைட்டமின் ஏ மாத்திரையும் கொடுத்து வருவதாகச் சொன்னேன். ஏதோ நல்லது செய்திருக்கிறேன் என்று அவர் வாயால் கேட்க ஆசை. அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கீரை, கேரட் சாப்பாடா சாப்டட்டும். அந்த மாத்திரைய மட்டும் இன்னிக்கே நிறுத்திடுங்க. இந்த நோய்க்கு அது ஆவாது" என்றார்.

திரும்பும் பேருந்தில் மகள் தூங்கிவிட்டாள். என் கணவர் கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை வைத்திருப்பவர், வாயாடி. அன்று செஞ்சி தாண்டும் வரை டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "நம்ம ரெண்டு பேர்ல யாரு மேல பழி போடறதுனு பாத்தேன். ஒரே குடும்பமா போச்சு" என்றார். சிரிக்கத்தான் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு சில மாதங்கள் நான் நானாக இல்லை. பௌர்ணமிதோறும் வெறுங்காலோடு கிரிவலம் வந்தேன். "உன் காலு புண்ணானா அவ கண்ணு தெரிஞ்சிடுமா?" என்று மருந்து தடவிக்கொண்டே கணவர் கேட்டார். தெரியாது மாமா என்றேன். ஏதாவது செய்யாமல் சும்மா உட்கார என்னால் முடியவில்லை. இதைப் படிக்கும் உங்களுக்கும் முடியாது என்று நினைக்கிறேன்.

எனக்குத் தெரிந்தது படிப்புச் சொல்லிக்கொடுப்பதுதான். அவளுடைய பாடமெல்லாம் நான் வாசித்தேன். வீட்டுப்பாடத்தை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நோட்டு பளிச்சென்று ஆனது. பள்ளியில் பாராட்டினார்கள். அவளுக்கு நானே கண் என்று எனக்குள் ஒரு பெருமை வந்தது உண்மை.

இந்தச் சமயத்தில்தான் பார்வைக் குறையுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியை தேவகி மேடம் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரத் தொடங்கினார். உருப்பெருக்கி கொடுத்தார். பாடங்களைப் போனில் பதிந்து கேட்கச் சொன்னார். ஓரப் பார்வைப் பயிற்சி (பழுதான நடுப்பகுதியை விட்டு, நல்ல ஓரத்தால் பார்க்கப் பழகுவது) ஆரம்பித்தார். முதல் நாளே அவருக்குக் குழப்பம்.

"சாதாரணமா இந்தப் பசங்க தானாவே பக்கவாட்டுல பாக்கக் கத்துப்பாங்க. இவ ஏன் இவ்ளோ பிடிவாதமா நேரா பாக்கறா?"

"நான்தாங்க நேரா பாருன்னு சொல்லிச் சொல்லிப் பழக்கிட்டேன்" என்றேன். தேவகி மேடம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பத்தாம் வகுப்பில் தேர்வுக்கு ஸ்கிரைப் (மாணவர் சொல்வதை எழுதுபவர்) வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. கூடுதல் நேரமும் உண்டு. பள்ளியிலேயே ஒரு டீச்சரை ஸ்கிரைபாக வைத்துக் காலாண்டுத் தேர்வு எழுதினாள். அறிவியலில் முப்பத்தொன்று. வீட்டில் அதே கேள்விகளுக்கு நூறுக்குத் தொண்ணூறு சொன்னவள்.

"பயந்துட்டியா?" என்றேன்.

"இல்லம்மா. அவங்க பேனா நிக்கவே இல்ல."

எனக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் தேவகி மேடம் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, நான் கேள்வி வாசிக்க, அவள் சொல்ல, நான் எழுதுவதைப் பார்த்தார். பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், அவ தப்பா சொன்னா உங்க பேனா நின்னுடுது. அந்தச் சத்தம் நின்னதும் அவ மாத்தி சொல்றா. அப்பவும் சரியா வரலனா நீங்களே சரியா எழுதிடறீங்க. விடை பாதி உங்களுது."

நான் மறுக்க வாயெடுத்தேன். சௌமியா என் காதுப் பக்கம் பார்த்தபடி, "ஆமாம்மா" என்றாள்.

பதினாறு வருடமாகப் பிள்ளைகளின் தவறைக் கண்டால் நின்றுவிடும் கை இது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதுவாக நிற்கும். பொதுத்தேர்வில் முகம் தெரியாத ஒருவர் அவள் பக்கத்தில் உட்காருவார். அவர் கைக்கு என் மகளைத் தெரியாது. என் மேல் சாய்ந்து நிற்கப் பழக்கிவிட்டு அங்கே தனியாக அனுப்பினால் அவள் விழுவாள். பள்ளிக்கூடத்து வாசலில் நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தேவகி மேடம் ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார். தினமும் மாலை ஒரு மணி நேரம் அவள் சொல்வதை நான் எழுத வேண்டும். அம்மாவாக வேண்டாம், டீச்சராகவும் வேண்டாம், கையாக மட்டும். சுலபம் என்று நினைத்தேன். முதல் வாரம் முழுக்கத் தோற்றேன். கை நிற்காவிட்டால் மூச்சு நின்றது. அதையும் அவள் கேட்டுவிட்டாள்.

வைத்தியம் இல்லாத நோயில் குணமாவது என்றால் என்ன என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. காலம் எனக்கு இப்போது வருடங்களாகத் தெரிவதில்லை. மருத்துவர் சொல்ல மறுத்த அந்த வருடங்களைக் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவள் ஒரு விடையை யோசிக்கும் நேரம்தான் காலம். அந்த நேரத்தில் நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. தோள் முதல் விரல் வரை வலிக்கும். அந்தக் கை என்னுடையது போலவே இருக்காது.

நேற்று மாலை கேள்வி வாசித்தேன். "இன்சுலினைச் சுரக்கும் உறுப்பு எது?"

நிறைய நேரம் யோசித்தாள். பிறகு சொன்னாள்: "கல்லீரல்."

கணையம், கணையம் என்று உடம்பு முழுக்கக் கத்தியது. அவள் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். நான் கல்லீரல் என்று எழுதினேன். முற்றுப்புள்ளி வைத்தேன்.

"அடுத்த கேள்வி" என்றேன்.