வேலுச்சாமி அண்ணன் தோட்டத்துத் தொட்டி

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இட்லியைப் பிட்டு வாயில் வைக்கப் போகிறேன்... போன் சிணுங்கியது. எங்கள் சபையின் இளைஞர் சங்கச் செயலாளர் டேனியல் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்.

அரை நிமிஷ வீடியோ. தென்னை மரங்களுக்கு நடுவே ஒரு சிமென்ட் தொட்டி. இடுப்பளவு தண்ணீரில் வெள்ளைச் சட்டையோடு ஒருவர் நிற்கிறார். ஓர் இளம்பெண்ணை அப்படியே பின்பக்கம் சாய்த்து, முழுக்க முக்கித் தூக்குகிறார். கீழே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: ‘எரியோடு பக்கத்தில் ஏழைப் பெண்களை ஏமாற்றி மதம் மாற்றும் பாதிரியார். எல்லோருக்கும் அனுப்புங்கள்.’

அந்தப் பாதிரியார் நான்தான்.

என் மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “அப்ப எம்புட்டு முடி இருந்திருக்கு உங்களுக்கு” என்றார்.

இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இட்லி முடியும்வரைகூட நிற்கவில்லை. வீடியோ ஊரில் பாதிக் குரூப்புகளைச் சுற்றி முடித்திருந்தது. யாரோ ஒருவர் தொட்டியை அடையாளம் கண்டு, ‘இது நம்ம வேலுச்சாமி தோட்டமாச்சே’ என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோதுதான் எனக்குப் பகீரென்றது. என்னைத் திட்டினால் பரவாயில்லை. போதகர் வேலையில் திட்டு வாங்குவதும் அடக்கம். வேலுச்சாமி அண்ணன் குடும்பம் என்ன செய்தது?

முதலில் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாப்டிஸ்ட் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. பிறந்ததிலிருந்து ஆலயத்துக்கு வருகிறவராக இருந்தாலும், வளர்ந்து, யோசித்து, தானாக வந்து கேட்க வேண்டும். அப்போது தண்ணீரில் முழுக்க முக்கி எடுப்போம். தலையில் தெளிப்பதெல்லாம் எங்களிடம் செல்லாது.

வீடியோவில் இருக்கும் பெண்ணின் பெயர் ஸ்டெல்லா. அப்போது ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தவர், இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவருடைய தாத்தாவே எங்கள் சபையில் பாட்டுத் தலைவராக இருந்தவர். இந்தப் பெண்ணை எங்கிருந்து எங்கே மாற்றுவது?

ஆக, எங்களுக்கு ஓர் ஆள் முங்குகிற அளவுக்குத் தண்ணீர் வேண்டும். திண்டுக்கல்லில் அது லேசான காரியமா?

நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், அகரம் பக்கம் குடகனாற்றில் போய்ச் செய்வோம். தண்ணீர் ஓடும் மாதமாகப் பார்த்து நாள் குறிப்போம். பெண்கள் புளிசாதம் கட்டிக்கொண்டு வருவார்கள். ஆற்று மணலில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வருவோம். அந்த மணலின் சூடு இன்னும் என் பாதத்தில் இருக்கிறது.

பிறகு வந்தது அந்தப் பஞ்ச வருஷம். இப்போது பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஆறு முழுக்க மணலும் சீமைக்கருவேலமும்தான். டவுனுக்குள் குழாயில் தண்ணீர் வருவதே திருவிழா மாதிரி ஆகிப்போனது. தெருமுனையில் பிளாஸ்டிக் குடங்கள் மனிதர்களைவிடப் பொறுமையாக வரிசையில் நின்றன.

ஸ்டெல்லாவோடு சேர்த்து நான்கு பேர் ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்தார்கள். சபைக் கூட்டத்தில் ஒருவர், லாரித் தண்ணீர் வாங்கி ஆலய வளாகத்திலேயே ஒரு தொட்டியில் நிரப்பிவிடலாம் என்றார். நல்ல யோசனைதான். ஆனால் குடத்தோடு நிற்கிற பெண்களின் கண் முன்னால் ஒரு லாரித் தண்ணீரை உள்ளே இறக்கி, நாலு பேரை முக்கிவிட்டு, வாய்க்காலில் திறந்துவிடுவதா? அப்படி ஒரு ஞானஸ்நானத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த ஞாயிறு நான் எந்த முகத்தோடு அன்பைப் பற்றிப் பிரசங்கம் செய்வேன்? வேண்டாம் என்றேன். மழை வரட்டும், காத்திருப்போம் என்றேன்.

எங்கள் சபை மூப்பர் செல்லத்துரை ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் யார் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. எரியோட்டுக்குப் பக்கத்தில் தக்காளியும் முருங்கையும் போடுகிற தன் வாடிக்கையாளர் வேலுச்சாமியிடம் பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

வேலுச்சாமி அண்ணன் இந்து. அவர் குடும்பம் மாரியம்மன் கோயில் திருவிழாவில் முன்நிற்கிற குடும்பம். ஞானஸ்நானம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறார். முழுக்கக் கேட்டுவிட்டு, இதில் தண்ணீர் செலவாகுமா என்று கேட்டாராம். செலவாகாது, முங்கி எழுந்துவிடுவார்கள் என்று செல்லத்துரை ஐயா சொல்லியிருக்கிறார்.

“அப்ப நம்ம தொட்டிக்கே கூட்டிட்டு வாங்க. முங்கி எந்திரிக்கட்டும். தண்ணி எப்புடியும் செடிக்குத்தான போகப்போகுது. சோப்பு மட்டும் போட்றக் கூடாது.”

அவர் வைத்த ஒரே நிபந்தனை அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேனில் போய் இறங்கினோம். தொட்டியில் முழங்கால் அளவு தண்ணீர்தான் கிடந்தது. த்ரீ ஃபேஸ் கரண்ட் வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. மோட்டார் ஓடவில்லை. சரி, வரும் என்று தென்னை நிழலில் உட்கார்ந்து பாட ஆரம்பித்தோம். பாட்டுச் சத்தம் கேட்டு ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வரப்பில் வந்து நின்றார்கள். கூட்டம் சேர்ந்தது. அதில் வேலுச்சாமி அண்ணனின் தாய்மாமன் ஒருவர், பெரிய மீசைக்காரர், முன்னால் வந்தார். அவர் குரலில் கோபத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது. மழை கேட்டு ஊரே அம்மனுக்கு விரதம் இருக்கிற நேரத்தில் இதெல்லாம் என்ன, சாமி குத்தம் ஆகிவிடாதா என்று கேட்டார்.

நான் எழுந்துவிட்டேன். எங்களால் உங்களுக்குள் சங்கடம் வேண்டாம், கிளம்புகிறோம் என்று சொல்ல வாயெடுத்தேன். வேலுச்சாமி அண்ணன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். மாமனைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

“மாமா, சாமி பேரச் சொல்லித் தண்ணி கேட்டு வந்திருக்காக. இல்லேன்னு திருப்பி அனுப்புனாத்தான் குத்தம்.”

 பெரியவர் துண்டை உதறி வரப்பில் போட்டு உட்கார்ந்துவிட்டார். போகவில்லை, பார்த்துவிட்டே போகிறேன் என்கிற மாதிரி.

கரண்ட் வந்தது. குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்து தொட்டியில் விழுந்த சத்தத்துக்கு எங்கள் ஆட்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்தே கைதட்டினார்கள். அந்த வறட்சியில், தண்ணீர் விழுகிற சத்தம் எல்லோருக்கும் பொதுவான பாட்டாக இருந்தது.

நான்கு பேரும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக ஸ்டெல்லா. கிணற்றுத் தண்ணீர், பயங்கரக் குளிர்ச்சி. வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு ஏறி வந்த பெண்ணை, அண்ணனின் மனைவி பழனியம்மா அக்கா அப்படியே அணைத்து மோட்டார் ரூமுக்குள் கூட்டிப் போனார். தன்னுடைய சேலை ஒன்றைக் கட்டிவிட்டுத்தான் வெளியே அனுப்பினார். நாங்கள் ஜெபித்து முடிக்கும் முன்பே அண்ணன் மடையைத் திறந்துவிட்டார். எங்கள் ஞானஸ்நானத் தண்ணீர் தக்காளிப் பாத்திக்குள் ஓடியது.

மழை பெய்ததா என்று கேட்பீர்கள். பெய்யவில்லை. அந்த வருஷம் முழுக்கப் பெய்யவில்லை. டீக்கடையில் சிலர் வேலுச்சாமி அண்ணனைத்தான் குறை சொன்னார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் மறுவருஷமும் அவரே செல்லத்துரை ஐயாவுக்கு ஆள் அனுப்பிக் கேட்டார்... இந்த வருஷம் யாரும் முங்கவில்லையா என்று.

அதன்பின் பல வருஷம் அந்தத் தொட்டிதான் எங்களுக்கு ஆறு. பிறகு ஆலயத்திலேயே டைல்ஸ் ஒட்டிய தொட்டி கட்டிவிட்டோம். மழைத் தண்ணீரைச் சேர்த்து வைத்துப் பயன்படுத்துகிறோம். வசதிதான். ஆனாலும் அதில் இறங்கும்போதெல்லாம் வரப்பில் உட்கார ஆளில்லையே என்று தோன்றும். செல்லத்துரை ஐயா போய்விட்டார். வேலுச்சாமி அண்ணனும் போய்விட்டார். அண்ணனை எடுத்த அன்று, கூட்டத்தில் பின்னால் நின்ற என்னை முன்னால் கூப்பிட்டு நிற்க வைத்தது அந்த மீசைக்கார மாமன்தான்.

சரி, வீடியோவுக்கு வருவோம். எங்கள் சபையின் பழைய ஃபேஸ்புக் பக்கத்திலிருந்து யாரோ எடுத்து, வெட்டி, ஒட்டியிருக்கிறார்கள். டேனியல் கொதித்துக்கொண்டிருந்தார். பதிலடியாக ஒரு வீடியோ போடலாம் என்றார். அந்தக் குடும்பத்தைப் பார்க்காமல் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பைக்கை எடுத்துக்கொண்டு எரியோட்டுக்குப் போனேன்.

அண்ணனின் மகன் முருகேசன்தான் இப்போது தோட்டத்தைப் பார்க்கிறார். என்னைப் பார்த்ததும் வாங்க என்றார். முகம் வாங்க என்று சொல்லவில்லை.

அவருடைய மகளுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் சம்பந்தம் பேசி முடிக்கிற கட்டம். வீடியோ அங்கேயும் போயிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் செய்து, நீங்கள் மதம் மாறிவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொன்ன பிறகும், கொஞ்ச நாள் போகட்டும் என்று பேச்சை நிறுத்திவிட்டார்களாம். கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் நிற்பது எனக்குத் தெரிந்தது. அழுது முகம் வீங்கியிருந்தது.

நானே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ப் பேசட்டுமா என்று கேட்டேன். முருகேசன் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“கோவிச்சுக்கிறாதீங்க பாஸ்டர். நீங்க போனீங்கன்னா அதத்தான் ஊரு பேசும். கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராம இருங்க.”

அவர் சொன்னது நியாயம். நியாயமான வார்த்தை வலிக்காது என்று யார் சொன்னது? பழனியம்மா அக்கா வாசல்வரை வந்தார். ஒரு கட்டு முருங்கைக்காயைப் பைக்கில் செருகிவிட்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் ஜெபித்தேன். எதற்கு ஜெபித்தேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது.

ஒரு வாரம் கழித்து முருகேசனிடமிருந்து போன். மாப்பிள்ளையின் அப்பா முன்னறிவிப்பு இல்லாமல் நேரே வந்து இறங்கியிருக்கிறார். அவரும் விவசாயி. யார் சொல்வதையும் நம்பவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை, அதனால் நேரில் கேட்டுவிடலாம் என்று வந்தாராம். பழனியம்மா அக்காவைப் பார்த்து, “ஏனுங்க, நீங்க அவிங்க கூட்டத்துல சேர்ந்துட்டீங்களா?” என்று கேட்டிருக்கிறார்.

அக்கா அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்த் தொட்டியைக் காட்டியிருக்கிறார்.

“பஞ்சத்துல தண்ணி கேட்டு வந்தாக. எங்க வீட்டுக்காரரு குடுத்தாரு. எங்கள மாறச் சொல்லி அவுகளும் கேக்கல, நாங்களும் மாறல. நாளைக்கு நீங்க தண்ணின்னு வந்து நின்னாலும் குடுப்போம்.”

சம்பந்தி தொட்டியை எட்டிப் பார்த்தாராம். பிறகு, கிணறு எத்தனை அடி என்று கேட்டாராம். அதற்கப்புறம் இரண்டு பேரும் வெகுநேரம் போர்வெல்லைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள். போகும்போது, நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

இதைச் சொல்லி முடித்து முருகேசன் கொஞ்சம் தயங்கினார். கல்யாணத்துக்கு வரவேண்டும் என்றார். நான் வரலாமா என்று கேட்டேன்.

“நீங்க வராட்டி அம்மா என்னைய வீட்டுக்குள்ள விடாது பாஸ்டர்.”

போனை வைத்த பிறகு வெகுநேரம் அந்த மீசைக்கார மாமனையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பஞ்ச காலத்தை நல்ல காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தண்ணீர் இல்லாத காலம் எப்படி நல்ல காலமாகும்? ஆனால் அன்றைக்கு ஒரு மனிதருக்குச் சந்தேகம் வந்தது. வரப்பில் நடந்துவந்து எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். பதில் பிடித்ததோ பிடிக்கவில்லையோ, உட்கார்ந்து கண்ணால் பார்த்தார். ஒட்டன்சத்திரத்துக்காரரும் அதைத்தான் செய்தார். போனும் கையுமாக இருக்கிற நாம்தான் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு குடும்பத்துக்குத் தீர்ப்பு எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறோம். விரல்தானே, வலிக்கவா போகிறது?

‘நாம்’ என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஏனென்றால் அதே வாரம், எங்கள் சபைக் குரூப்பிலும் ஒரு செய்தி வந்தது. எங்கோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கோயில் பூசாரி என்னமோ செய்துவிட்டாராம். அனுப்பியவர் நல்லவர், ஒரு ஞாயிறும் தவறாதவர். அவரைக் கூப்பிட்டு, அந்தப் பூசாரியைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. அந்த ஊர்? தெரியாது. யார் சொன்னது? இன்னொரு குரூப்பில் வந்தது. எங்களைப் பற்றிய வீடியோவை அனுப்பியவரைக் கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார், இல்லையா?

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டேன். ஒரு செய்தியை அனுப்பும் முன்னால், சம்பந்தப்பட்டவரின் அம்மா எதிரே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்; அவர் முகத்தைப் பார்த்து அதை வாய்விட்டுப் படிக்க முடியுமானால் அனுப்புங்கள் என்றேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. ‘பொய்ச்சாட்சி சொல்லாதே’ என்கிற வேதாகமக் கட்டளை ஆடு மாடு மேய்த்த காலத்தோடு முடிந்துபோனதாக நினைத்திருப்பார்கள் போல.

அன்று மாலை எங்கள் சபைக் குரூப்பில் ஒரு சத்தமும் இல்லை. நான்தான் பயந்துபோய், நெட் வேலை செய்கிறதா என்று இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன்.