வீதியின் பெயர் எதற்கு?

டார்ம்ஸ்டாட் நகரில் குமுதினி குடியிருந்த வீட்டின் அழைப்புமணிப் பலகையில் அவருடைய பெயர் இருந்ததே இல்லை. முன்பு அங்கே வாழ்ந்து காலமான குரூகர் என்னும் மூதாட்டியின் பெயரை அகற்றாமல் அப்படியே விட்டிருந்தார். வீட்டு உரிமையாளர் ஒருமுறை காரணம் கேட்டார். அறிந்தபின் மறுமுறை கேட்கவில்லை. தம் விலாசத்தை எவருக்கும் கொடுக்கலாகாது என்று நகராட்சிப் பதிவிலும் குமுதினி தடை பெற்றிருந்தார். அந்தத் தடையை உரிய காலத்தில் புதுப்பிக்க ஒருபோதும் தவறியதில்லை.

இத்தனையும் ஒரே மனிதர் பொருட்டு. குமுதினியின் முன்னாள் கணவர் விஜயரத்தினம், இருவரும் முன்பு வாழ்ந்த பீலெஃபெல்ட் நகரில் பலராலும் மதிக்கப்படுபவர். கோயில் திருவிழாவில் முன்வரிசை, பிள்ளைகளின் பேச்சுப் போட்டிக்கு நடுவர். வீட்டுக் கதவு சாத்தப்பட்டால் வேறு ஆள். குமுதினியின் இடது மணிக்கட்டு இன்றும் முழுமையாக மடங்காது. துணி வெட்டும்போது மட்டும் அது நினைவுக்கு வரும். ஆனால் அவருக்கோ நாள் முழுவதும் துணி வெட்டும் வேலை. உடை திருத்தும் கடையொன்றின் பின்னறையில், வாடிக்கையாளர் கண்ணிற் படாமல் இருந்து வெட்டுவார், தைப்பார்.

சென்ற ஆண்டு, சேலைச் சட்டைக்கான புதிய வெட்டுமாதிரிகளை இணையத்தில் விற்கும் கடையொன்றைக் கண்டார். பணம் செலுத்தினால் மாதிரிப் படம் மின்னஞ்சலில் வந்துவிடும். பொதியும் இல்லை, தபாற்காரரும் இல்லை. அதனால்தான் துணிந்தார். ஆனால் பணம் செலுத்தும் பக்கம் முழுப்பெயர், வீதி, வீட்டு இலக்கம் எல்லாவற்றையும் கேட்டது. கீழே சிறிய எழுத்தில், வரி விதிகளின்படி இவை அவசியம் என்றிருந்தது.

கடைக்காரரின் விவரத்தைத் தேடிப் பார்த்தார். ஐங்கரன் தம்பித்துரை, கார்ஹிங். மியூனிக் பக்கம், பீலெஃபெல்டிலிருந்து வெகு தூரம். தம்பித்துரை என்று எவரையும் அவர் அறிந்திருக்கவில்லை. கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்தார்.

"தம்பி, நீங்கள் அனுப்பிறது ஒரு படம். அதுக்கு என்ர வீட்டு நம்பர் என்னத்துக்கு?"

"அது ஸ்ரொயருக்கு அன்ரி. எந்த நாட்டுக்கு வரி கட்டிறதெண்டு நாங்கள் காட்டோணும்."

"நாட்டைக் கேட்டால் நாட்டைச் சொல்லுறன். வீதி என்னத்துக்கு?"

அவன் சிரித்தான். "நான் என்ன, உங்கட வீட்டுக்குச் சாப்பிடவே வரப்போறன்? ஒருத்தருக்கும் குடுக்கமாட்டம் அன்ரி."

பொய்யான விலாசம் ஒன்றை எழுதியிருக்கலாம். வேறு எவரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் குமுதினி அகதி விசாரணையில் அமர்ந்தவர். ஊரின் பெயர் ஒன்று மாறிப்போனதற்காக முழு வாக்குமூலத்தையும் பொய்யென்று தள்ளியதைக் கண்டவர். இந்த நாட்டில் பொய் எழுத அவருடைய விரல் இசையாது. உண்மையை எழுதி முடித்தார்.

சில மாதங்கள் கழிந்த ஒரு சனிக்கிழமை, குரூகர் அம்மையாரின் மணி ஒலித்தது. பக்கத்து வீட்டார் என்றெண்ணிக் குமுதினி கதவைத் திறந்தார். பட்டுச்சேலையும் வேட்டியுமாய், கையில் தட்டத்துடன் ஒரு தம்பதியர் நின்றனர். தட்டத்தில் வெற்றிலை, குங்குமம், கலியாணக் கார்ட். பீலெஃபெல்டில் பலசரக்குக் கடை நடத்திய மணியண்ணையும் அவர் மனைவி ரஞ்சினியும். குமுதினி அங்கே வாழ்ந்த காலமெல்லாம் எல்லோரும் அவரை மணியண்ணை என்றே அழைத்தார்கள். பத்திரங்களில் உள்ள அவரது பெயரை எவரும் கேட்டதில்லை.

"எங்கட பிரபாலினிக்குக் கலியாணம், தங்கச்சி. கார்டைத் தபாலிலை போட்டால் மரியாதையில்லை. அதுதான் நேரை வந்தனாங்கள். கீழை உங்கட பேரைக் காணேல்லை, எல்லா மணியையும் அடிச்சுப் பாத்தம்," என்றார் மணியண்ணை.

"உங்களுக்கு இந்த விலாசம் ஆர் தந்தது?"

"வேற ஆர், நீங்கள்தான். எங்கட பெடியன்ர இன்ரநெற் கடையிலை பதிஞ்சிருக்கிறியள். ஐங்கரன் கார்ஹிங்கிலை படிக்கிறான். கணக்கெல்லாம் நான்தான் பாக்கிறன். பேரைக் கண்டவுடனை இவவுக்குச் சொன்னன், இது எங்கட குமுதினியெல்லோ எண்டு."

ரஞ்சினி தட்டத்தை நீட்டியபடி குரலைத் தாழ்த்தினார். "ஒரு குடும்பத்துக்கு ரெண்டு கார்ட் குடுக்க எங்களுக்கு மனம் வரேல்லை. அவரும் கூட வந்திருக்கிறார். கீழை நிக்கிறார். இப்ப நல்லா மாறிட்டார், தங்கச்சி."

தட்டத்தைத் தொடாமலே குமுதினி கதவைச் சாத்தினார். அடுக்களை யன்னலால் எட்டிப் பார்த்தார். வாசலில் விஜயரத்தினம் மணிப்பலகையின் பெயர்களை ஒவ்வொன்றாய்ப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து யன்னலைப் பார்த்தார். அவசரமில்லாமல் கையை உயர்த்தினார், தெரிந்தவரை வழியில் கண்டாற் போல.

திங்கட்கிழமை குமுதினி ஐங்கரனை அழைத்தார்.

"என்ர விலாசத்தை அழியுங்கோ."

"ஏலாது அன்ரி. வரிக் கணக்கு. வருசக்கணக்கா வைச்சிருக்கோணும், சட்டம்."

"வரிக்காரர் உண்மையிலை வீதியின்ர பேரைக் கேட்டவையோ?"

"இல்லை அன்ரி. இவ்வளவு சின்ன பில்லுக்கு வீதியெல்லாம் தேவையில்லை. நாடு காணும். ஆனா காசு கட்டிற அந்தப் பக்கத்தை நான் வாங்கேக்கையே அப்பிடித்தான் இருந்தது. நான் மாத்தேல்லை." பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "அப்பா நல்ல எண்ணத்திலைதான் செய்தவர்," என்றான்.

"ஓம். உங்கட ஆக்கள் எல்லாரும் நல்ல எண்ணக்காரர்," என்று குமுதினி தொடர்பைத் துண்டித்தார்.

அடுத்த வாரமே விஜயரத்தினம் தனியாக வந்தார். மணியை அடிக்கவில்லை, எதிர்ப்புற நடைபாதையில் நின்றார். குமுதினி அழைத்ததும் பொலிஸார் வந்து விசாரித்தனர். உறவினரின் அழைப்பைச் சொல்ல வந்ததாக அவர் பணிவுடன் விளக்கினார். வீதியில் நிற்பது குற்றமல்ல என்று குமுதினிக்கு அறிவித்துவிட்டு அவர்கள் போய்விட்டனர்.

குளிர்காலம் தொடங்குமுன் குமுதினி அந்த நகரை விட்டு வெளியேறினார். வேலை போயிற்று, தையல் பொறியை விற்க நேர்ந்தது. அந்த வெட்டுமாதிரியை அவர் அச்சிடவேயில்லை. புதிய ஊரில் எந்த இணையக் கடையிலும் எதுவும் வாங்குவதில்லை. வேறு குடும்பத்தார் வாழும் டார்ம்ஸ்டாட் வீட்டின் விலாசம் மட்டும், அவர் பெயருடன், வரிச் சட்டத்தின் பாதுகாப்பில் ஐங்கரனின் கணினியில் பத்திரமாக இருக்கிறது.

பிரபாலினியின் கலியாணம் சிறப்பாக நடந்தேறியது. விஜயரத்தினம் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். சாப்பாட்டுப் பந்தியில் ரஞ்சினி பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்: "குமுதினிக்கு வீடு தேடிப்போய்க் கார்ட் குடுத்தனாங்கள். கதவைச் சாத்திப் போட்டா. சரியான தலைக்கனம்."

கேட்டவர்கள் தலையசைத்தார்கள். பாயசம் வந்தது.